ஒரு பக்கம் சிவந்த தக்காளி

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்க தம்பி. இல்ல, பையை மேல வைக்க வேணாம். மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா ஒவ்வொரு வளைவுக்கும் அது ஒரு பக்கம் உருளும், அதைப் பிடிக்க நான் ஒரு பக்கம் உருளணும். குன்னூர்லேருந்து மேட்டுப்பாளையம் இறங்கறதுக்குள்ள எத்தனை வளைவுன்னு உங்களுக்கே தெரியும்.

உள்ள என்னன்னு பாக்கறீங்க. பயப்படாதீங்க, தக்காளி. ஒண்ணே ஒண்ணு.

சிரிங்க, பரவாயில்ல. கண்டக்டரும் சிரிச்சாரு. மேட்டுப்பாளையத்துலேருந்து லாரி லாரியா தக்காளி மலைக்கு ஏறுது, பெரியவர் ஒண்ணை எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கறாருன்னாரு. அதுக்கு டிக்கெட் வேணுமான்னு கேட்டேன். வேணாமாம். நல்ல மனுஷன்.

இது விக்கிறதுக்கில்ல தம்பி. சமைக்கிறதுக்கும் இல்ல. இதைக் கொண்டுபோய்க் காட்டினா என் சம்சாரம் வீட்டுக்கு வருவா. அப்படித்தான் பேச்சு.

என் பேரு வேலாயுதம். டீ பாக்டரியில வாட்டு மாடத்துல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். வாட்டு மாடம்னா, பறிச்ச கொழுந்தைப் பரப்பிப்போட்டு, அடியிலேருந்து காத்து விட்டு வாட வைக்கிற இடம். பகல்ல நான் கொழுந்தை வாட வைப்பேன், ராத்திரி பள்ளிக்கூடத்துல வாத்தியார் என்னை வாட வைப்பாரு. அப்படிப் படிச்சுத்தான் பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணேன். சிலோன்லேருந்து வந்த குடும்பம் எங்களுது. அங்கயும் தேயிலை, இங்கயும் தேயிலை. நடுவுல கப்பல்ல வந்த நேரம் மட்டும்தான் வேற எதையாச்சும் பாத்தோம். அதுவும் தண்ணி.

சம்சாரம் பேரு தெய்வானை. அதே எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவ. அவ கை வேகம் வேற யாருக்கும் வராது. வாயும் அப்படித்தான்.

போன ஆவணியில தெய்வானை கீழ போய்ட்டு வந்தா. வரும்போது ஈரத்துணியில சுத்தி அஞ்சு தக்காளி நாத்து. யாரு குடுத்தான்னு நான் கேக்கல. கீழ அவளுக்குப் போறதுக்கு இருக்கறது ஒரே வீடு. அவ மக வீடு.

ஆமா, கல்யாணமான மக. எனக்கும் மகதான் தம்பி, கணக்குப்படி. அது வேற கதை. தக்காளிக்கு வருவோம்.

சமையக்கட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் எடம் இருக்குது. அதுல வேலி கட்டி நட்டா. 'நான் பாத்துக்கறேன், நீங்க கை வைக்காதீங்க'ன்னா. நான் எப்படிக் கை வைக்காம இருப்பேன்? ஆயுசு பூரா செடியைப் பாத்தவன். ஒரு செடி கண்டபடிக்குக் கிளையை நீட்டிக்கிட்டு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு வளந்தா எனக்குச் சோறு இறங்காது. தேயிலையைப் பாத்திருப்பீங்க. மலை பூரா பாய் விரிச்ச மாதிரி ஒரே மட்டமா இருக்குது, அது தானாவா வந்துச்சு? கிள்ளக் கிள்ளத்தான் வந்துச்சு. நுனியைக் கிள்ளினா ரெண்டா கிளைக்கும், அந்த ரெண்டையும் கிள்ளினா நாலா கிளைக்கும்.

அப்படித்தான் இதையும் பண்ணேன். தளிர் வர வரக் கிள்ளினேன். தேயிலைக்குப் போடுற யூரியாவையே கொஞ்சம் போட்டேன். மேல ஒரு கம்பை வச்சு மட்டம் பாத்து, நீட்டிக்கிட்டு இருந்ததை ஒடிச்சேன். ஐயோ, நீங்க பாக்கணுமே தம்பி! அஞ்சு செடியும் மேஜை மாதிரி. மேல டீ கிளாஸ் வச்சா சாயாது. எலை ஒவ்வொண்ணும் கரும்பச்சை.

பக்கத்து வீட்டு ரோசலின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துச்சு. "அண்ணே, தக்காளி வளக்குறீங்களா, தேயிலை வளக்குறீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"ஏன், என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணுமில்ல. எப்ப கொழுந்து எடுக்கணும்னு சொல்லுங்க, கூடை கொண்டாரேன்."

ரோசலினுக்குப் படிப்பு கம்மி. நான் பெருசா எடுத்துக்கல.

தெய்வானை தினமும் சொல்லுவா. "பூவு வர்ற எடத்தைக் கிள்றீங்க. விடுங்க. அது போக்குல வளரட்டும்." அது போக்குல வளரட்டும்! எதையாச்சும் அது போக்குல விட்டு நல்லா வந்ததாக் கேள்விப்பட்டிருக்கீங்களா? நான் ஒரு பிள்ளையை அது போக்குல விட்டுப் பாத்தவன்.

அது வேற கதைன்னு சொன்னேன். சரி, கேக்கறீங்க, சொல்லிடறேன். பிளஸ் டூ முடிச்சவுடனே நர்சு படிப்புக்குப் போறேன்னு நின்னுச்சு. மேல படிச்சா அதுக்குமேல படிச்ச மாப்பிள்ளை தேடணும், போதும்னு நிறுத்தினேன். தையல் கத்துக்கறேன்னுச்சு, பஸ் ஏறிப் போகணுமேன்னு அதையும் நிறுத்தினேன். பாக்டரியிலயே ஒரு நல்ல பையனா பாத்து வச்சேன். அது என்னடான்னா மேட்டுப்பாளையத்துல பேக்கரியில மாவு பிசையறவனைக் கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்குது. எங்க ஆளுங்க இல்ல.

எஸ்டேட்ல வரிசையா ஒட்டிக் கட்டின லைன் வீடுங்க எங்களுது; லைன்காரங்க பூரா எட்டிப் பாத்தாங்க, வேலாயுதம் தேயிலை வெட்டுற கவாத்துக் கத்தியைத் தூக்கப்போறான்னு. நான் அப்படிப்பட்டவன் இல்ல தம்பி. திட்டல, அடிக்கல, ஒரு சொல்லு தப்பா பேசல. உள்ள போய் ரேடியோவைப் போட்டு உக்காந்துட்டேன். அவங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் நின்னுட்டுப் போய்ட்டாங்க. அன்னியிலேருந்து இன்னிக்கு வரைக்கும், நாலு வருஷமாச்சு, அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. நல்லதும் பேசல, கெட்டதும் பேசல. அதைவிட மரியாதையா ஒரு அப்பன் எப்படி நடந்துக்க முடியும், நீங்களே சொல்லுங்க.

சரி, விடுங்க. தக்காளிக்கு வருவோம்.

ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கிழமை. செடிகிட்ட நின்னுக்கிட்டு இருக்கேன். தெய்வானை பின்னாடி வந்து, "பிள்ளைக்குக் காது குத்தணும்"னா. மகளுக்கு ஒரு பொண்ணு இருக்குது. ரெண்டு வயசு தாண்டிருச்சாம். நான் பாத்ததில்ல.

"குத்தட்டும்"னேன்.

"தாய்மாமன் மடியில வச்சுத்தான குத்தணும்? நம்ம மகளுக்கு அண்ணனா, தம்பியா, யாரு இருக்கா? நீங்கதான் மடியில வச்சுக்கணும். அவங்க வீட்டுல கேக்கறாங்க. நீங்க வர்ற தேதிக்கு வச்சுக்கலாம்னு மாப்பிள்ளையே சொன்னாரு."

செடியில ஒரு பக்கம் மட்டம் தப்பியிருந்துச்சு, அதைக் கிள்ளிக்கிட்டு இருந்தேன். அவ நின்னா. நான் கிள்ளினேன். அவ நின்னா. நான் கிள்ளினேன். அப்பதான் பாத்துக்கிட்டே இருந்தவ என் கையைப் பிடிச்சு விரிச்சா. உள்ளங்கையில தளிர், அதோட நாலஞ்சு மஞ்சப் பூ. கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது.

"ரெண்டையும் நீயே கிள்ளிப்புட்ட"ன்னா.

கல்யாணமான நாள்லேருந்து என்னை அவ 'நீ'ன்னு சொன்னதில்ல தம்பி. அதுகூடப் பரவாயில்ல. ரெண்டுங்கறா. எந்த ரெண்டு? செடி அஞ்சு இருக்குது. நான் எண்ணிக்கூடப் பாத்தேன். கோவம் வந்தா தெய்வானைக்குக் கணக்கு வராது.

அன்னிக்குச் சாயங்காலமே பையைத் தூக்கிட்டா. லைனுக்கு முன்னாடி ரோட்டுல நின்னு, எல்லாரும் கேக்கறாப்புல சொன்னா. "இந்த வேலிக்குள்ள ஒரே ஒரு பழம் சிவக்கட்டும். அன்னிக்கு வந்து கூப்புடு, வரேன்." சொல்லிட்டு விறுவிறுன்னு பஸ்ஸுக்குப் போய்ட்டா.

ரோசலின் சொல்லுது, அது கோவத்துல சொன்னதுண்ணே, நாளைக்கே போய்க் கூட்டிட்டு வந்துருங்கன்னு. நான் அப்படியில்ல. பேச்சைப் பேச்சா எடுத்துக்கறவன். பழம்னு சொல்லியிருக்கா. பழம் குடுத்துட்டாப் போச்சு. அதுல என்ன இருக்குன்னு நெனச்சேன்.

தம்பி, பச்சைக் காயைச் சிவக்க வைக்கிறதுல என்ன இருக்குன்னு எங்கிட்டக் கேளுங்க.

மொதல்ல காய்க்கவே மாட்டேன்னுச்சு. தோட்டக்கலைக்காரங்க போட்ட புத்தகம் ஒண்ணு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டி முழுசும் படிச்சேன். கிள்ளாதேன்னு ஒரு வரியில இல்ல, பக்கம் பக்கமா போட்டிருக்கு. சரின்னு கையைக் கட்டிக்கிட்டேன். கை நமநமன்னு இருக்கும், சட்டைப் பையில விட்டுக்குவேன். அப்புறம் பூவு வந்துச்சு. காய் வந்துச்சு. கோலிகுண்டு மாதிரி. அப்புறம் எலுமிச்சம்பழம் மாதிரி. அப்புறம் அப்படியே நின்னுச்சு. பச்சை. காலையில பாத்தா பச்சை, சாயங்காலம் பாத்தா பச்சை. எங்க லைன் பள்ளத்துல இருக்குது. வெயில் பதினோரு மணிக்கு வந்து எட்டிப்பாத்துட்டு, மூணு மணிக்கெல்லாம் மூட்டை கட்டிரும். மீதி நேரம் பூரா மூடுபனி. மார்கழி வந்துட்டா உறைபனி விழும். விழுந்தா தேயிலையே கருகிப்போகும், தக்காளி எந்த மூலைக்கு? அதுக்குள்ள ஒண்ணாச்சும் சிவக்கணும்.

நடுவுல தெய்வானை போன் பண்ணுவா.

"சாப்பிட்டீங்களா?"

"காய் வந்துருச்சு."

"என்ன காய்?"

"தக்காளிக் காய்தான். வேற என்ன காய்?"

அப்புறம், "பிள்ளைக்கு இன்னும் காது குத்தல"ன்னா.

"பழுக்கறதுக்கு என்ன போடணும்னு அங்க யாராச்சும் வெவசாயம் பண்றவங்ககிட்ட கேட்டுச் சொல்லு"ன்னேன்.

கட்டாயிருச்சு. எங்க பள்ளத்துல சிக்னல் அப்படி.

சன்னலைச் சாத்துங்க தம்பி! பர்லியார் வந்துருச்சு. குரங்கு. இதுங்க கையைத்தான் பாக்கும். போன தடவை ஒருத்தர் கையிலேருந்து பன்னை மட்டும் எடுத்துக்கிட்டு டீயை விட்டுட்டுப் போச்சு. நல்லா சாத்துங்க. இது போச்சுன்னா நான் போற வேலை போச்சு. ம்... வண்டி எடுத்துட்டான். அப்பாடி.

எங்க விட்டேன்? காய். என்னென்ன பண்ணேன்னு கேளுங்க. எலையையெல்லாம் உருவிவிட்டேன், வெயில் படட்டும்னு. தகரத்தைக் கழுவி எதிர்ல நிறுத்தி வெளிச்சம் திருப்பினேன். சட்டியில கரி போட்டுப் பக்கத்துல வச்சேன். அதுல ஒரு செடி ஒரு பக்கமா வெந்துபோச்சு. தெய்வானையோட படங்கு இருக்குது பாருங்க, கொழுந்து எடுக்கையில இடுப்புல கட்டுற தார்ப்பாய், அதைப் போத்திவிட்டேன். அதுக்கு மேல அவ கம்பளியைப் போத்தினேன். நான் போர்வை இல்லாம நடுங்கிக்கிட்டு உள்ள படுத்திருக்கேன், தக்காளி கம்பளிக்குள்ள படுத்திருக்குது. பகல்ல பேச வேற ஆளில்ல, அதுகிட்டயே பேசுவேன். பழுத்துத் தொலையேன், ராசா, உனக்கு என்ன கேடுன்னு கேப்பேன். கும்பிடக்கூடச் செஞ்சேன். நான் கோயிலுக்கே போகாதவன்.

அப்புறம் பாக்டரிக்குக் கொண்டுபோனேன். அங்க வாட்டு மாடத்துல எந்நேரமும் கதகதன்னு காத்து வரும். எனக்குக் கீழ வேலை பாத்த பையன்தான் இப்ப சூப்பர்வைசர். பத்துப் பதினஞ்சு காயைப் பறிச்சுட்டுப்போய், ஒரு ஓரமா, கொழுந்துக்குப் பக்கத்துல பரப்பிட்டு உக்காந்துட்டேன். பக்கத்துலயே காவல். சிவக்குதா, சிவக்குதான்னு. தம்பி, வாட்டு மாடம் வாட வைக்கிற எடம். முப்பது வருஷம் அங்க நின்ன எனக்கு அது தோணல. சாயங்காலம் பாத்தா ஒவ்வொண்ணும் கெழவி கன்னம் மாதிரி சுருங்கிப்போய்க் கிடக்குது, பச்சையாவே. ரெண்டு காய் வெடிச்சு அது சாறு கொழுந்துல எறங்கியிருச்சு. அன்னிக்கு ஓடின தூளைக் குடிச்சுப் பாத்த டீ மேக்கர், பாக்டரிக்கே பொறுப்பான ஆளு, ஓடி வந்தாரு. "யாருய்யா ரசம் வச்சது?"ன்னாரு. மரியாதையா வெளிய போகச் சொன்னாரு. நானே ரிப்பன் வெட்டித் தொறந்து வச்ச மாதிரி நெனச்சுக்கிட்டு இருந்த எடம். வாச்மேன்கிட்ட வேற, இனிமே இந்தாளை உள்ள விடாதேன்னு சொல்லிட்டாரு.

அதைவிடக் கொடுமை என்னன்னா, அன்னிக்குத்தான் தெய்வானை மேல வந்திருக்கா. எஸ்டேட் ஆபீசுல பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட வந்தவ, வீட்டுக்கு வந்து மத்தியானத்துலேருந்து உக்காந்திருக்கா. வீட்டைப் பெருக்கி, சட்டி கழுவி, சோறாக்கி, செடிக்குத் தண்ணி ஊத்தி. கடைசி பஸ்ஸு வரைக்கும் பாத்துட்டுப் போய்ட்டாளாம். நான் வீட்டுக்கு வந்து மூடியைத் தொறந்தா சோறு சூடா இருக்குது. ரோசலின்தான் சொல்லுச்சு, "வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சுண்ணே"ன்னு.

அவ அப்படித்தான். பேச்சு மாறாதவ. பழம் இல்ல, அதான் தங்கல. நான் மட்டும் அன்னிக்கு வீட்டுல இருந்திருந்தா, காயாச்சும் காட்டியிருப்பேன்.

அந்தச் சோத்தை நான் ரெண்டு நாள் வச்சுத் தின்னேன்.

அதுக்கப்புறம்தான் அந்த வேலை பண்ணேன். எதுங்கறீங்களா? கடையில நல்ல சிவப்பா நாலு பழம் வாங்கியாந்து, நூல்ல கட்டிச் செடியில தொங்கவிட்டு, ரோசலினை போட்டோ எடுக்கச் சொல்லி அனுப்பினேன். ஏமாத்தலாம்னு இல்ல தம்பி. எப்படியும் பழுக்கத்தான் போகுது, நாலு நாள் முன்னாடி காட்டறதுல என்ன தப்பு? ரோசலின் வேணாம் வேணாம்னுச்சு. "அண்ணே, அது கண்ணு கழுகுக் கண்ணு"ன்னுச்சு. "அனுப்பு"ன்னேன்.

உடனே பதில் வந்துச்சு. பேசி அனுப்புவாங்களே, அது. ரோசலின் சத்தமா வச்சுட்டுது, லைன் பூரா கேட்டுச்சு. "அந்த மனுசன்கிட்ட சொல்லு ரோசலின், தக்காளிக்குக் காம்பு இருக்கும், நூல் இருக்காதுன்னு." அதுக்குப் பின்னாடி ஒரு சிரிப்புச் சத்தம். தெய்வானை சிரிப்பு இல்ல. சின்னப் பிள்ளைச் சிரிப்பு. என்ன ஏதுன்னு தெரியாமலே சிரிக்குது, பாட்டி எதுக்கோ சத்தம் போடுறாளேன்னு.

அதை மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டேன். நூல் எப்படித் தெரிஞ்சுச்சுன்னு பாக்கத்தான். ரெண்டு மூணு தடவை போடச் சொன்னேன். அப்புறம் ரோசலின் வேலை இருக்குன்னு போய்ட்டுது.

மார்கழி பொறந்து கொஞ்ச நாள்ல உறைபனி விழுந்துச்சு. விடிஞ்சு கதவைத் தொறந்தா வெள்ளையா உப்பு கொட்டின மாதிரி. போத்தின கம்பளி பலகை மாதிரி விறைச்சிருக்குது. எடுத்துப் பாத்தா அஞ்சு செடியும் கறுப்பு. காய் எல்லாம் கண்ணாடி மாதிரி ஆயி, வெயில் பட்டதும் கொழகொழன்னு ஆயிப்போச்சு. கையில எடுத்தா ஒழுகுது. அங்கயே ஈரத்துல உக்காந்துட்டேன். மூஞ்சி பூரா தண்ணி. பனி உருகிச் சொட்டியிருக்கும்.

எனக்கு என்னமோ அன்னிக்கு எழுந்திரிக்கவே முடியல தம்பி. இவ்வளவுதான், முடிஞ்சு போச்சுன்னு உள்ள போய்ப் படுத்தவன்தான். ரெண்டு நாள் அடுப்பு மூட்டல. யாரு கூப்பிட்டாலும் ஏன்னு கேக்கல. ரோசலின் வந்து கதவைத் தட்டு தட்டுன்னு தட்டி, கஞ்சியை வச்சுட்டுக் கத்துச்சு.

"அண்ணே, உங்களுக்குப் பைத்தியமா? பஸ்ஸு ஏறிப் போயி, 'வா தெய்வானை'ன்னு கூப்பிட்டா அது வராதா?"

"கையில ஒண்ணுமில்லாம எப்படிப் போறது?"

"மனுசன் போனா பத்தாதா?"

"போயி என்னத்தைச் சொல்றது?"

ரோசலின் தலையில அடிச்சுக்கிட்டுப் போய்ட்டுது. நான் சொன்னேன்ல, படிப்பு கம்மி.

பொங்கல் கழிச்சு, கருகின செடியைப் பிடுங்கிப் போடலாம்னு போனேன். அங்க சமையக்கட்டுச் செவுரு தகரம். அதை ஒட்டித் தண்ணி டிரம்மு. டிரம்முக்கும் செவுருக்கும் நடுவுல ஒரு சாண் சந்து. ஓரத்துச் செடியிலேருந்து ஒரு கிளை எப்ப போச்சோ தெரியல, அந்தச் சந்துக்குள்ள புகுந்து போயிருக்குது. நான் கிள்ளாத கிளை அது ஒண்ணுதான். கை எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. டிரம்மை நகத்திப் பாக்கறேன், அந்தக் கிளை மட்டும் பச்சையா இருக்குது. அது நுனியில இது.

இருங்க, காட்டறேன். துணியைப் பிரிக்கிறேன், வளைவு போகட்டும். பாத்தீங்களா? இந்தப் பக்கம் நல்ல சிவப்பு. இந்தப் பக்கம் இன்னும் யோசிக்குது. பரவாயில்ல. சிவக்கட்டும்னுதான் சொன்னா, முழுசும்னு சொல்லல. அடுப்புச் சூடு தகரத்துல ஏறி, அது பனியைத் தடுத்திருக்குது, அதான் காரணம். நல்லா யோசிச்சுப் பாத்தேன். வேற ஒரு காரணமும் இல்ல.

பறிச்சவுடனே குளிச்சேன். சவரம் பண்ணேன். இந்த வேட்டியை எடுத்துக் கட்டினேன். ரோசலின் பாத்துட்டு வாயில கைவச்சு நின்னுச்சு. "எங்கண்ணே?"ன்னுச்சு. "கீழ"ன்னேன். அது அழுதுடுச்சு, ஏன்னு தெரியல.

கல்லாறு தாண்டிருச்சு பாருங்க. காத்து சூடாயிருச்சு. நான் கீழ எறங்கி நாலு வருஷமாச்சு. இவ்வளவு சீக்கிரமா வரும் இந்த பஸ்ஸு? முன்னெல்லாம் நேரமாகும்.

தம்பி, நீங்க பஸ் ஸ்டாண்டுலதான எறங்கறீங்க? ஒரு உதவி. அங்கேருந்து ஊட்டி ரோட்டுல கொஞ்ச தூரம் நடந்தா ஒரு பேக்கரி. அதுக்குப் பக்கத்துல சந்து. மூணாவது வீடு, பச்சைக் கேட்டு. ரோசலின் சொல்லி எனக்கு மனப்பாடம். இந்தப் பையை அங்க குடுத்துடுங்க. மேலேருந்து வந்துச்சுன்னு சொன்னாப் போதும், தெய்வானைக்குப் புரியும். அவ பையை எடுத்துக்கிட்டு வந்துருவா. நான் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன். திரும்புற பஸ்ஸுல எடம் பிடிச்சு வைக்கணுமில்ல? ரெண்டு பேருக்கு.

ஏன் நீங்களே போகலைங்கறீங்க.

ஏன்னா... கால் வலி.

இல்ல தம்பி. கால் வலியெல்லாம் இல்ல. அந்தக் கேட்டைத் தொறந்தா மொதல்ல அந்தப் பொண்ணு நிக்கும். மேகலா. அதுகிட்ட நான் என்னத்தைப் பேசறது? ராத்திரிப் பள்ளிக்கூடத்துல எனக்கு லீவு லெட்டர் எழுதக் கத்துக்குடுத்தாங்க, மனு எழுதக் கத்துக்குடுத்தாங்க. இதை யாரும் கத்துக்குடுக்கல. நாலு வருஷம் பேசாம இருந்தா பேச்சு எங்க போகுது, தெரியல. தேடிப் பாத்தேன், வேட்டி கட்டும்போதுகூடத் தேடினேன். வரல. அப்புறம் தெய்வானை. இதைப் பாத்துட்டு, பாதிதான சிவப்பு, போய்ட்டு வான்னு சொல்லிட்டா? எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது. இதுக்கப்புறம் செடியும் இல்ல, காயும் இல்ல. இதுவும் ஆகலைன்னா நான் மேல போய் அந்த வீட்டுல என்ன பண்ணுவேன்?

மாட்டேங்கறீங்களா. சரி. நியாயந்தான். முன்னப்பின்ன தெரியாத ஆளு தக்காளியைக் குடுத்துக் கொண்டுபோய்க் குடுன்னா யாரு போவா?

எறங்குவோம். பாத்து, படி உயரம். பையை நான் பிடிச்சுக்கறேன், நீங்க என் கையைப் பிடிச்சுக்கோங்க. எனக்காகத்தான், உங்களுக்காக இல்ல.

ஒண்ணு செய்யறீங்களா தம்பி? கேட்டு வரைக்கும் கூட வாங்க. தள்ளி நின்னாலும் சரி. யாரு வந்தாலும் ஓடிப்போய்க் கதவைத் தொறக்கறது அந்தக் குட்டிதானாம், தெய்வானை போன்ல சொல்லியிருக்கா. அது என்னைப் பாத்ததில்ல. தொறந்துட்டு, யாருன்னு கேக்கும். அதுக்கு மட்டும் நீங்க ஒரு பதில் சொல்லிடுங்க. நான் இன்னாருன்னு. என் வாயால அதைச் சொல்லிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

தக்காளியை நானே குடுத்துக்கறேன்.